பூசானில் ஒரே ஒரு நாள்: முதல்முறை போகிறவர் எதைப் பார்க்கலாம்?

"அலுவலக வேலையாகச் சியோல் வருகிறேன். ஒரு நாள்தான் ஓய்வு கிடைக்கும். பூசான் போய் கடலோரக் கோயில், ஹேவுண்டே கடற்கரை, வண்ண வீடுகள் இருக்கிற கிராமம், மீன் சந்தை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போய்வருவது கஷ்டமே இல்லை. அதிகாலை கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பூசான் நிலையத்தில் இறங்கிவிடலாம். ஆனால் உங்கள் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். தென்கொரியாவின் தென்கிழக்கு மூலையில், மலைகளுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற துறைமுக ஊர் அது. கோயில் வடகிழக்குக் கோடியில் இருக்கிறது, வண்ண வீடுகள் தென்மேற்குக் கோடியில். இரண்டையும் தொட வேண்டும் என்று கிளம்பினால் பகலில் பெரும்பகுதி மெட்ரோவிலும் பஸ்ஸிலும்தான் போகும்.

நான் சியோலுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பூசானுக்கு அழைத்துப் போவது வழக்கம். முதல்முறை வருகிறவர்களுக்கு நான் காட்டுவது பழைய பூசானைத்தான். 1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆவதற்குள், தென்கிழக்கு மூலையைத் தவிர நாடு கிட்டத்தட்ட முழுவதும் வடகொரியப் படையின் கைக்குப் போயிருந்தது. அரசாங்கமே பூசானுக்குக் குடிபெயர்ந்தது. 1953இல் சண்டை நிற்கும்வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, இதுதான் தலைநகரம். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். இன்று நாம் போட்டோ எடுக்கிற மலைச்சரிவு வீடுகள், சந்தைகள், சாப்பாட்டு வகைகள் என்று நிறைய விஷயங்கள் அந்த மூன்று வருடத்தில் வேர்விட்டவை. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் ஊர் வேறு மாதிரித் தெரியும்.

முடிந்தால் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். காரணம் கீழே வரும்.

பூசான் நிலையத்திலிருந்து மெட்ரோ முதல் தடத்தில் நான்காவது நிறுத்தம் தொசொங். வெளியே வந்து சின்ன மலைப் பஸ் ஒன்றில் ஏறினால் கம்சொன் கிராமம். டி-மணி அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மெட்ரோ, பஸ் இரண்டுக்கும் அதுவே போதும். வழி பார்க்க நேவர் மேப்பைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். கம்சொனில் வீடுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப்போகும். முன்வீடு பின்வீட்டின் பார்வையை மறைக்கக் கூடாது என்று கட்டினார்கள். 1950களில் தெகுக்தோ என்ற சமயத்தைச் சேர்ந்தவர்கள் கூட்டமாக வந்து குடியேறிய இடம். 2009இல் கலைத் திட்டம் ஒன்று வந்த பிறகுதான் வண்ணங்களும் சிற்பங்களும் சுற்றுலாக் கூட்டமும். 'குட்டி இளவரசன்' என்ற பிரெஞ்சுக் கதையின் நாயகன் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். அதை விட்டுவிட்டு உள்சந்துகளில் இறங்குங்கள். ஆனால் அங்கே இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். துணி காய்கிற முற்றத்தில் கேமராவை நீட்டாதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள்.

கம்சொனைப் பார்த்ததும் எல்லோரும் பஸ் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் ஏறாதீர்கள். மேட்டைத் தாண்டி மறுபக்கம் கொஞ்ச தூரம் இறங்கினால் ஆமி-தோங். வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். பூசானில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது இது ஜப்பானியர்களின் இடுகாடு. போரில் ஓடி வந்தவர்களுக்குக் கீழே எங்கும் இடம் இல்லை. கல்லறைகளைச் சுற்றி ஏற்கெனவே கல்லால் வளைத்துக் கட்டியிருந்தார்கள். அதன் மேல் பலகையும் தகரமும் போட்டு வீடாக்கிக்கொண்டார்கள். கல்லறைக் கற்கள் அஸ்திவாரம் ஆயின, படிக்கட்டு ஆயின, சுவரோடு சுவராயின. இன்றைக்கும் குனிந்து பார்த்தால் சுவரின் அடியில் செதுக்கிய எழுத்துகள் தெரியும். ஒரு வீட்டு வாசலில் சமையல் எரிவாயு சிலிண்டரை நிறுத்தியிருக்கிற மேடையே ஒரு கல்லறைக்கல்தான். என் அப்பா அதன் முன்னால் நின்றுவிட்டார். "யாரோட பேருடா இது?" என்று கேட்டார். செத்தவர் பெயர் என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் கும்பிட்டார். அந்த வீதிக்காரர்களும் அப்படித்தான். யாரென்றே தெரியாத அந்த ஜப்பானியர்களுக்காகப் பக்கத்துப் பௌத்தக் கோயிலில் வழிபாடு நடக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கூரை வேண்டியிருந்தது, இறந்தவர்களுக்கு மரியாதை வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் இரண்டையும் எப்படியோ சமாளித்திருக்கிறார்கள்.

அங்கிருந்து இறக்கம்தான். போரின்போது அகதிகள் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்ற போசு-தோங் புத்தகத் தெருவைத் தாண்டினால் குக்ஜே சந்தை. அதை ஒட்டிய பிஃப் சதுக்கத்தில் விதை ஹோத்தொக் சாப்பிடுங்கள். மாவு உருண்டையை எண்ணெயில் தட்டிப் பொரித்து, வாயைக் கத்தரித்து, சூரியகாந்தி, பூசணி விதைகளைச் சர்க்கரையோடு திணித்துக் காகிதக் கிண்ணத்தில் தருவார்கள். உள்ளே சர்க்கரைப் பாகு கொதிக்கும், பொறுமையாகக் கடியுங்கள்.

சாலையைக் கடந்தால் ஜகல்ச்சி, கொரியாவின் மிகப் பெரிய மீன் சந்தை. பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தொட்டியில் நீந்துகிற மீனைக் காட்டி வாங்கி, மாடியில் கொடுத்தால் சமைத்தோ பச்சையாக நறுக்கியோ தருவார்கள். மாடியில் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. மீன் விலை, கட்டணம் இரண்டையும் உட்காருவதற்கு முன்பே கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்குப் பிடித்தது வெளியே தெருவோரம் நடக்கிற வியாபாரம். ரப்பர் ஏப்ரனும் முழங்கால்வரை பூட்ஸும் போட்ட பெண்கள்தான் இந்தச் சந்தையின் முதலாளிகள். விலாங்கு மாதிரி வழுக்குகிற கொம்ஜாங்ஒ மீனின் தலையைப் பலகையில் இருந்த ஆணியில் குத்தி, ஒரே இழுப்பில் ஓர் அம்மா தோலை உரித்ததைப் பார்த்து என் அம்மா அசந்துவிட்டார். மீன் ஆய்வதில் அவரே கைதேர்ந்தவர். பாஷை தெரியாமலே இரண்டு பேரும் கத்தியைப் பற்றிச் சைகையில் பேசிக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு மீன் வேண்டாம் என்றால் துவேஜி குக்பாப் இருக்கிறது. பன்றி எலும்பைக் கொதிக்கவைத்த வெள்ளைச் சாறும் சோறும். மில்மியன் என்ற குளிர்ந்த நூடுல்ஸும் இந்த ஊர்ச் சொத்து. வடக்கிலிருந்து வந்தவர்கள் பழகியது பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த நூடுல்ஸ். இங்கே அது கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவில் செய்து பார்த்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் சாற்றில் மீனோ இறைச்சியோ இருக்கும். கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது.

சனிக்கிழமை என்று சொன்னதற்கு முதல் காரணம், சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிற யோங்தோ பாலம். 1934இல் திறந்த தூக்குப் பாலம். போரில் பிரிந்த குடும்பங்கள் "யோங்தோ பாலத்தில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டுத்தான் பிரிந்தன, ஏனென்றால் பூசானில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். வந்து காத்திருந்தவர்கள் பலர். அவர்களை நம்பிப் பாலத்தடியில் ஜோசியக்காரர்கள் கடை போட்டார்கள். 1966இல் தூக்குவதை நிறுத்தினார்கள், 2013இல் புதுப்பித்து மறுபடி தொடங்கினார்கள். சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தூக்குவது வழக்கம். நீங்கள் போகிற வாரம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மெட்ரோவில், சொம்யொன் நிலையத்தில் தடம் மாறி, தேயொனில் இறங்கினால் ஐ.நா. நினைவுக் கல்லறைத் தோட்டம். உலகத்திலேயே ஐ.நா.வின் கல்லறைத் தோட்டம் இது ஒன்றுதான். கொரியப் போரில் தென்கொரியாவுக்காக ஐ.நா. படையில் வந்தவர்களில் சுமார் 2,300 பேர் இங்கே உறங்குகிறார்கள், அதில் துருக்கியர் மட்டும் 462. நினைவுச் சுவரில் 40,896 பெயர்கள். புல்வெளிக்கு நடுவே போகிற சின்ன நீரோடைக்கு டான்ட் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாயின் பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே புதைக்கப்பட்டவர்களிலேயே வயதில் சின்னவன், பதினேழு. மாலை 4 மணிக்குக் கொடி இறக்குவார்கள், அதற்குள் போய்ச் சேருங்கள்.

அங்கே பறக்கிற கொடிகளில் இந்தியாவுடையதும் உண்டு. இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை, மருத்துவக் குழுவை அனுப்பியது. 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற அந்தக் குழு 1950 நவம்பரில் வந்து இறங்கியது இதே பூசான் துறைமுகத்தில். தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்து, முன்களத்திலேயே காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த குழு அது. அவருக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. இவர் பெயரைச் சென்னையில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? தமிழர்கள் இங்கே வந்தால் ஐந்து நிமிடமாவது அவரை நினைக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

கடல் பார்க்காமல் வந்தேன் என்று குறைப்பட வேண்டாம். அதே மெட்ரோ தடத்தில் இன்னும் சில நிறுத்தம் போனால் குவாங்கல்லி கடற்கரை. எதிரே 7.4 கிலோமீட்டர் நீளமுள்ள குவாங்கன் பாலம் விளக்கேற்றி நிற்கும். ஹேவுண்டேயை விட இங்கே உட்கார்ந்து பேச நன்றாக இருக்கும். சனிக்கிழமைக்கு இரண்டாவது காரணம் இதுதான்: அன்று இரவு நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் வானத்தில் படம் வரையும். முதல் காட்சியைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ரயிலைப் பிடித்துவிடலாம். திரும்புகிற டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வார இறுதியில் இருக்கை கிடைப்பது சிரமம்.

இரவு தங்க முடிந்தால் மறுநாள் விடிகாலையில் நீங்கள் கேட்ட ஹேதோங் யோங்குங்சா கோயிலுக்குப் போங்கள். 1376இல் நாவோங் என்ற துறவி நிறுவியது. அவருடைய குருக்களில் ஒருவரான ஜிகோங் இந்தியாவிலிருந்து வந்த பிக்கு. 108 படி இறங்கினால் பாறைமேல் கோயில், அடியில் அலை. சுற்றுலாப் பஸ்கள் வருவதற்கு முன் போய்விட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அந்தப் படிகளில் நிற்கவே இடம் இருக்காது.