மூன்று ரெப்போவை ஒன்றாக்கினால் பில்ட் நேரம் எகிறுமா?

கேள்வி: வெப், சர்வர், இரண்டுக்கும் பொதுவான லைப்ரரி என கிட்ஹப்பில் மூன்று ரெப்போ (கோடையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைக்கும் கிடங்கு) வைத்திருக்கிறோம். லைப்ரரியில் ஒரு வரி மாற்றினாலும் மூன்று இடத்தில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட வேண்டியிருக்கிறது. ஒரு கன்சல்டன்ட், எல்லாவற்றையும் ஒன்றாக்கித் தருகிறேன், ஆனால் புது பில்ட் டூல் வாங்க வேண்டும் என்கிறார். ஒன்றாக்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாமே பில்ட் ஆகாதா, அதாவது மறுபடி தொகுத்துச் சோதிக்கப்படாதா?

பதில்: தாராளமாக ஒன்றாக்குங்கள். சேர்ந்து ரிலீஸ் ஆகிறவை ஒரே ரெப்போவில் இருப்பதுதான் சரி. டூல் வாங்காதீர்கள். மூன்று ஃபோல்டருக்கு அது தேவையே இல்லை. 'மைக்ரேஷன்' என்று தனியாகப் பணம் கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள். பழைய வரலாற்றோடு ஒரு ரெப்போவை இன்னொன்றுக்குள் ஃபோல்டராகக் கொண்டுவர 'கிட் சப்ட்ரீ ஆட்' போதும், ரெப்போவுக்கு ஒரு கட்டளை. அதில் 'ஸ்குவாஷ்' என்ற விருப்பத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் அத்தனை வரலாறும் ஒரே கமிட்டாக (ஒரே மாற்றப் பதிவாக) சுருங்கிவிடும்.

அடுத்து நேரம். எந்த ஃபோல்டர் மாறியதோ அதன் பில்ட் மட்டும் ஓடும்படி வடிகட்டி வையுங்கள். வெப், சர்வர் இரண்டின் வடிகட்டியிலும் லைப்ரரி ஃபோல்டரைச் சேர்க்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். லைப்ரரி மாற்றத்தால் சர்வர் உடைந்திருக்கும், அதன் பில்ட் ஓடவே ஓடாது, யாருக்கும் தெரியாது.

இந்த வடிகட்டியில் ஒரு வில்லங்கம் உண்டு. அதை வொர்க்ஃப்ளோவின் (கிட்ஹப் தானாக ஓட்டும் வேலைகளின் தொகுப்பு) தலையில் வைத்து, அதே பில்டை 'கட்டாயம் தேற வேண்டும்' என்றும் குறித்திருந்தால், வெறும் ஆவணத்தை மட்டும் திருத்திய புல் ரிக்வெஸ்ட்கூட மெர்ஜ் ஆகாது, அதாவது முதன்மைக் கோடில் சேராது. பில்ட் தொடங்கவே இல்லை, ஆனால் கிட்ஹப் 'பெண்டிங்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். காலையில் போட்டது மாலை வரை அப்படியே நிற்கும். இது பிழை இல்லையாம், இப்படித்தான் இயங்குமாம். அவர்களுடைய ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிய நேரத்தில் சரிசெய்திருக்கலாம்! சரி, வழி இதுதான்: வொர்க்ஃப்ளோ எப்போதும் தொடங்கட்டும், நிபந்தனையை உள்ளே ஜாப் (அந்தத் தொகுப்பில் ஒரு வேலை) அளவில் வையுங்கள். நிபந்தனையால் தவிர்க்கப்பட்ட ஜாபை கிட்ஹப் தேறியதாகவே கணக்கில் கொள்ளும்.

எது மாறியது என்று கண்டுபிடிக்க யாரோ எழுதிய ஆக்ஷனை (வொர்க்ஃப்ளோவில் செருகும் ஆயத்த கோடு) கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடாதீர்கள். 2025 மார்ச்சில், இதே வேலையைச் செய்யும் 'டிஜே-ஆக்ஷன்ஸ் சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்' என்ற பிரபல ஆக்ஷனுக்குள் விஷமிகள் புகுந்து, பழைய பதிப்புகளின் டேக்குகளைக்கூட (பதிப்பைச் சுட்டும் பெயர்ச்சீட்டுகள்) தங்கள் கோடு பக்கம் திருப்பிவிட்டார்கள். பயன்படுத்தியவர்களின் ரகசியச் சாவிகள் பில்ட் லாகில் கொட்டின. டேகை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பதில்லை, ஆனால் உள்ளே நுழைந்தவர் நகர்த்தலாம். அதனால் டேகுக்குப் பதில் 40 எழுத்து கமிட் ஹாஷை (அந்தக் கமிட்டுக்கே உரிய அடையாளக் குறி) முழுதாகக் கொடுங்கள். இல்லையென்றால் எது மாறியது என்று காட்டும் 'கிட் டிஃப்' கட்டளையை வைத்து நீங்களே நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள், அதுவே மேல்.

அப்புறம், பழைய ரெப்போக்களை அழிக்க வேண்டாம், ஆர்க்கைவ் செய்யுங்கள். படிக்க முடியும், யாரும் பழக்கதோஷத்தில் அங்கே புஷ் செய்ய முடியாது.