ஒடித்துத் திருப்பினால் ‘டக் டக்’: ஆக்ஸில் வேலையை வீட்டு வாசலில் செய்யலாமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “11 வருஷப் பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தெருவுக்குள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் முன்பக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம் வருகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘கட்’ என்று தனியாக ஒரு சத்தம். ஒர்க்ஷாப்பில் இரண்டு ஆக்ஸில், இரண்டு ஷாக் அப்சர்பர், லோயர் ஆர்ம் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி 28,000 ரூபாய் கேட்கிறார்கள். நானும் மச்சானும் பிரேக் பேட் மாற்றிப் பழகியவர்கள். இதையும் நாங்களே செய்யலாமா?”

பாதியைச் செய்யலாம். எந்தப் பாதி என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்பது இரண்டு வேறு சத்தங்கள், இரண்டு வேறு இடங்களிலிருந்து வருபவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டதால்தான் பில் இவ்வளவு நீண்டிருக்கிறது.

ஒடிக்கும்போது மட்டும் வரும் சத்தம் பெரும்பாலும் சக்கரத்தை ஒட்டி இருக்கும் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட்டுடையது, அதாவது இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸில் தண்டின் நுனியில் இருக்கும் மூட்டு. மச்சானை வெளியே நிற்க வைத்துவிட்டு, காலி மைதானத்தில் முதலில் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம் என்று முழு ஒடிப்பில் மெதுவாக வட்டமடியுங்கள். எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்பதை வெளியே நிற்பவர்தான் சரியாகச் சொல்வார். பிறகு சக்கரத்தை ஒடித்த நிலையிலேயே நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்து, டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள். ஆக்ஸில் நுனியில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை தெரியும். அதுதான் பூட். அது கிழிந்திருந்தால் ரிம்மின் உட்புறத்தைச் சுற்றிக் கருப்பாகக் கிரீஸ் வளையமே போட்டிருக்கும்.

அந்த ஜாயின்ட்டுக்குள் 6 குண்டுகள் பள்ளங்களில் உருண்டபடி இருக்கின்றன. சக்கரம் திரும்பினாலும், பள்ளத்தில் இறங்கி ஏறினாலும், இன்ஜினின் சுழற்சியை ஒரே சீராகக் கடத்துவது அவற்றின் வேலை. அம்பாசிடரில் முன்சக்கரத்துக்கு இந்த வேலையே கிடையாது, பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கர இழுவையும் இந்தப் பூட்டும் நம் ஊர்த் தெருக்களில் சகஜமாயின. பூட் கிழிந்தால், சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அந்த இடத்தில் உங்கள் பக்கத்துக் கரிசல் சேறும் தூசியும் உள்ளே போய் உட்காரும். குண்டு ஓடும் பள்ளம் தேய்ந்து சத்தம் கிளம்பும். கொஞ்ச விலையில் முடிகிற ரப்பரைக் கவனிக்காமல் விட்டு முழு ஆக்ஸிலுக்குப் பணம் கட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். டயருக்குக் காற்று பிடிக்கும்போதெல்லாம் குனிந்து ஒருமுறை பூட்டைப் பார்த்தால் போதும்.

கிழிசலில் விரலை விட்டுக் கொஞ்சம் கிரீஸை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெண்ணெய்போல வழுக்கி, சத்தமும் இல்லாமல் இருந்தால் பூட்டும் கிரீஸும் மட்டும் மாற்றினால் போதும். நறநறவென்று மணல் தட்டினால் ஜாயின்ட் போய்விட்டது. உங்களுக்குச் சத்தமே வந்துவிட்டதால், புது கிரீஸ் அடைத்துச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் சத்தம் போடும் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். மறுபக்கப் பூட் முழுசாக இருந்து சத்தமும் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

கடையில் வெளிப்பக்க ஜாயின்ட் கிட் என்று கேளுங்கள். ஜாயின்ட், பூட், 2 கிளாம்ப், கிரீஸ் பாக்கெட், சர்க்லிப் (ஜாயின்ட்டைத் தண்டில் பிடித்து நிறுத்தும் கம்பி வளையம்), புது ஆக்ஸில் நட் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் உறைந்து நிற்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் ஜாயின்ட்டின் மேல் பல்வளையம் இருக்கிறதா என்பதைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். கிரீஸ் மாலிப்டினம் கலந்த கருப்புக் கிரீஸாக இருக்கட்டும். கதவுக் கீலுக்குப் போடும் கிரீஸ் இந்த அழுத்தத்தைத் தாங்காது.

அடுத்தது தரை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மண் வாசலில் இந்த வேலை வேண்டாம். கரிசலில் ஜாக்கி தூக்கும்போது நிற்பதுபோல நிற்கும், நீங்கள் நட்டைத் தம் பிடித்துத் திருகும் நேரத்தில் ஒரு பக்கமாகப் புதையும். சமமான சிமெண்ட் தரை வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், தூக்கியதும் பாடிக்கு அடியில் ஜாக்கி ஸ்டாண்டு. கழற்றிய சக்கரத்தையும் பக்கவாட்டில் அடியில் தள்ளி வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் கூடாது. நான் வேலை பழகிய இடத்தில் ஒரு வண்டியைச் செங்கல் அடுக்கின் மேல் நிறுத்தியிருந்தார்கள். நடுக்கல் ஒன்று பொடிந்து வண்டி அப்படியே உட்கார்ந்தது. அடியில் படுத்திருந்த பையன் ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் டீ வாங்க எழுந்து போயிருந்தான். இத்தனை வருஷம் கழித்தும் செங்கல்லைப் பார்த்தால் அந்தச் சத்தம் காதில் விழுகிறது.

வேலையில் கஷ்டமானது சக்கரத்தின் நடுவே இருக்கும் ஆக்ஸில் நட்தான். அதன் விளிம்பைப் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள். மெல்லிய உளியால் அந்த மடிப்பை நிமிர்த்திவிட்டு, வண்டி தரையில் இருக்கும்போதே, மச்சான் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீளமான ராடு போட்டுத் தளர்த்துங்கள். தூக்கிய வண்டியில் இந்த நட்டோடு மல்லுக்கட்டினால் ஸ்டாண்டிலிருந்து வண்டி நழுவும். இறுக்குவதும் அப்படித்தான். முதலில் அளவாக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முழு அளவு கொடுங்கள். பல சின்னக் கார்களில் இது 175 நியூட்டன் மீட்டர் அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். உங்கள் மாடலின் சரியான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். 175 என்பது 1 மீட்டர் ராடின் நுனியில் ஏறக்குறைய 18 கிலோவைத் தொங்கவிட்ட பாரம். குறைந்தால் வீல் பேரிங் சீக்கிரம் கெடும். ஆக்ஸில் இல்லாமல் வண்டியைச் சக்கரத்தில் உருட்டினாலும் அதே கதிதான். பழைய நட்டை மறுபடி போடாதீர்கள்.

பிறகு, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கும் லோயர் ஆர்மின் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட்டின் போல்டை எடுத்து ஆர்மைக் கீழே அமுக்கினால், சக்கரம் மாட்டும் ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்து ஆக்ஸில் நுனியை உள்ளே தள்ளலாம். வராவிட்டால் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். மரையின் மேல் நேராகச் சுத்தியலால் அடித்தால் நுனி மலர்ந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். கியர்பாக்ஸ் பக்கத்தைக் கழற்றவே வேண்டாம். அந்தப் பக்கம் உருவினால் கியர் ஆயில் கொட்டும், ஆயில் சீலும் கிழியலாம். வெளிப்பக்க வேலைக்கு அது தேவையில்லை. ஆனால் ஆக்ஸிலை வெளிப்பக்கம் இழுக்காதீர்கள், உள்பக்க ஜாயின்ட் கழன்றுகொள்ளும். மச்சான் ஷாஃப்டை உள்நோக்கி அழுத்திப் பிடிக்கட்டும்.

பழைய பூட்டை வெட்டி எடுத்து, கிரீஸைத் துடைத்துவிட்டு, ஜாயின்ட்டின் உள்வளையத்தில் பித்தளை ராடு வைத்து ஓங்கி ஒரு தட்டு. சர்க்லிப் விட்டுக்கொடுத்து ஜாயின்ட் கழன்று வரும். சில மாடல்களில் சர்க்லிப்பைப் பிளையரால் விரிக்க வேண்டியிருக்கும், அடிக்கும் முன் உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள். புதியதைப் போடும்போது எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு: சின்னக் கிளாம்ப்பும் பூட்டும் முதலில் ஷாஃப்டில் ஏற வேண்டும், அப்புறம்தான் ஜாயின்ட். ஜாயின்ட் உட்கார்ந்ததும் சர்க்லிப் பிடித்துவிட்டதா என்று இழுத்துப் பாருங்கள். கிரீஸ் பாக்கெட்டை மிச்சம் வைக்காமல் குண்டுகளுக்குள்ளும் பூட்டுக்குள்ளும் அமுக்குங்கள். கிளாம்ப் போடும் முன் பூட்டின் வாயை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தூக்கி அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். கட்டுக்கம்பியால் கட்டினால் அதுவே ரப்பரை அறுத்துவிடும்.

சரி, வேகத்தடை ‘கட்’. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரையும், ஷாக் அப்சர்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்டிரட்டையும் இணைக்கும் லிங்க் ராடை முதலில் பாருங்கள். வண்டி தரையில் இருக்க, கையால் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று இருந்தால் அதுதான். 2 நட் வேலை, தைரியமாக நீங்களே மாற்றலாம். ராடு கெட்டியாக இருந்தால், லோயர் ஆர்ம் புஷ்ஷைக் கடப்பாரை நுனியால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் பிளந்திருந்தால் ஆர்ம் மாற்ற வேண்டும். அந்த போல்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு, புது புஷ் சீக்கிரமே பிளந்துபோகும். ஆர்ம் மாற்றியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஷாக் அப்சர்பரில் ஆயில் வழிந்த ஈரம் இல்லாமல், வண்டி முன்பக்கத்தை அமுக்கி விட்டதும் ஓர் ஆட்டத்தில் நின்றுவிட்டால், அதை இப்போது மாற்றும் அவசியம் இல்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். முன்பக்க ஸ்பிரிங் எப்போதும் அழுந்திய நிலையில்தான் உட்கார்ந்திருக்கும். அதை அடக்கும் கருவி நழுவினால், மேல் நட் கழன்ற நொடியில் ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும். கைதேர்ந்தவர்களே பயந்து செய்யும் வேலை அது.

எல்லாம் முடிந்ததும் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து கெட்டிப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் உங்கள் தெருவிலேயே ஒடித்து ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு கப்பலூர் பக்கம் சர்வீஸ் ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று. திரும்பி வந்ததும் ரிம்மின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். விரலில் கிரீஸ் ஒட்டினால் கிளாம்ப் சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி போடுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.