ஹான் காலத்து அங்கவடி வாங்கலாமா?

கேள்வி: போன மாதம் ஹாங்காங் போயிருந்தபோது ஒரு பழம்பொருள் கடையில் வெண்கல அங்கவடி (குதிரைமேல் இருப்பவர் கால் வைக்கும் வளையம்) ஜோடி ஒன்றைக் காட்டினார்கள். சீனாவின் ஹான் ஆட்சிக் காலமாம், 2000 ஆண்டுப் பழமையாம். சான்றிதழும் தருகிறார்கள். மேலெல்லாம் பச்சைக் களிம்பு. முன்பணம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். சான்றிதழ் வரைக்கும் போகவே வேண்டாம், பொருளே காட்டிக்கொடுக்கிறது. ஹான் ஆட்சி கி.பி. 220-இல் முடிந்துவிட்டது. அந்தக் காலத்துக் குதிரை வீரர்கள் அங்கவடி இல்லாமல், தொடையால் இறுக்கிப் பிடித்துத்தான் ஓட்டினார்கள். சீனாவின் சாங்ஷா நகரில் கி.பி. 302-ஆம் ஆண்டுக் கல்லறையில் கிடைத்த குதிரைப் பொம்மையில் ஒரு பக்கம் மட்டும் சின்ன வளையம் தொங்குகிறது, ஏறுவதற்கு மட்டும்தான். ஜோடியாகக் கிடைத்த மிகப் பழையவற்றில் ஒன்று லியாவ்நிங் மாகாணத்தில், 415-இல் இறந்த சீனப் பிரபு ஃபெங் சூஃபுவின் கல்லறையில் இருந்தது. அதுவும் முழு வெண்கலம் இல்லை, மரத்தின் மேல் பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு.

ஹான் காலத்திலேயே இருந்த வாய்க்கடிவாளம், நெற்றிப்பட்டம், ரத அச்சின் முனையில் மாட்டும் குப்பி, அது கழலாமல் பிடிக்கும் அச்சாணி என்று காட்டியிருந்தால் கொஞ்சமாவது யோசிக்கலாம். அவற்றிலும் போலி ஏராளம்.

களிம்பை நம்பாதீர்கள். பசையில் நிறம் குழைத்துப் பூசியது என்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, அமிலம் போட்டு வளர்த்த பச்சையும் அசையாது. பழைய சீன வெண்கலம் செம்பு, வெள்ளீயம், காரீயம் சேர்ந்தது. எக்ஸ்-கதிர் சோதனையில் துத்தநாகம் நிறையத் தெரிந்தால் கதை முடிந்தது, அது பித்தளை.

இன்னொன்று. மண்ணுக்குள் கிடைக்கும் தொல்பொருள் சீனச் சட்டப்படி அரசுக்குச் சொந்தம். எப்போது, எந்த ஆவணத்தோடு அங்கிருந்து வெளியே வந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். போலி என்றால் பணம் போச்சு. ஹான் இல்லாவிட்டாலும் அசல் பழம்பொருள் என்றால் கடத்தல் சரக்காக இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம்.

சரி, கொடுத்த முன்பணம்? ரசீதில் ‘ஹான்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் கை ஓங்கும். பொருளைப் பற்றிப் பொய்யாக வர்ணித்து விற்பது ஹாங்காங்கில் குற்றம். அங்குள்ள சுங்கத்துறைக்கும் நுகர்வோர் மன்றத்துக்கும் இங்கிருந்தே எழுதலாம். அதற்கு முன் கடைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், ஃபெங் சூஃபு பெயரையும் சேர்த்து.