மன்னிப்பைப் பற்றிப் பேச எப்போது தொடங்கலாம்?

கேள்வி: வளசரவாக்கத்தில் சிறிய வாசகர் வட்டம் நடத்துகிறோம். பாதிப் பேர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். குற்றம் செய்தவர் உண்மையை ஒப்புக்கொள்வது, இழப்பை ஈடுசெய்வது, உறவைச் சீர்செய்வது என்று போகும் மறுசீரமைப்பு நீதி பற்றி ஒரு கூட்டம் வைத்தோம். பெரியவர்கள் வாயே திறக்கவில்லை. போரைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். அடுத்த முறை எப்படி நடத்துவது?

பதில்: அவர்கள் இந்த நீதியை வேண்டாம் என்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கடைசியில் வர வேண்டிய பேச்சு முதலில் வந்துவிட்டது. போர் முடிந்த 2009 மே மாதம் மகனைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் ராணுவத்திடம் ஒப்படைத்த தாய்க்கு, அவன் இருக்கிறானா இல்லையா என்பதற்கே பதில் இல்லை. கருமாதி செய்ய மனம் வராது. திவசம் கொடுக்கத் திதி தெரியாது. அவரிடம் மன்னிப்பு என்று ஆரம்பித்தால், பிள்ளை செத்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்வதுபோலத்தான் காதில் விழும். விசாரணை ஆணைக்குழு மாற்றி ஆணைக்குழுவாகச் சாட்சி சொல்லிச் சலித்தவர்களும் அவர்களில் உண்டு.

போரின் காயம் நம்பிக்கையை அரிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. இனப்படுகொலை நடந்த ருவாண்டாவில் 2002-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் இருந்தன. மற்ற இனத்தாரோடு சேர்ந்து வாழலாம் என்ற எண்ணம் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. ஆனால் காயம்பட்டவர் எல்லோரும் பழிவாங்கத்தான் துடிப்பார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. கொலம்பியாவின் பொஹாயா ஊரில் 2002-இல் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த மக்கள், ஃபார்க் என்ற கெரில்லா அமைப்பு வீசிய குண்டில் கொத்தாகச் செத்தார்கள். 2015-இல் அந்த அமைப்பினர் அங்கே நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். மறு ஆண்டு, அந்த அமைப்போடு அரசு செய்த சமாதான ஒப்பந்தம் பற்றிய வாக்கெடுப்பில் நாடு மயிரிழையில் 'வேண்டாம்' என்றது. அந்த ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் 'வேண்டும்' என்றார்கள்.

இளைஞர்களின் கோபம் வேறு வகை. பெரியவர்களுக்குப் போருக்கு முந்தைய வாழ்க்கையும் நினைவிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் முள்ளிவாய்க்கால் காணொளிகளும் வீட்டின் மௌனமும்தான். தண்டனையை விட்டுக்கொடுப்பது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று அவர்களுக்குப் படுகிறது. அவர்களிடம் கொலம்பியாவின் சிறப்பு நீதிமன்ற ஏற்பாட்டை விளக்குங்கள். முழு உண்மையை முதலிலேயே சொல்பவருக்கு 5 முதல் 8 ஆண்டுகள் நடமாட்டக் கட்டுப்பாடும், பாதிக்கப்பட்டோருக்காகச் செய்யும் வேலையும். கடைசிவரை மறுத்துக் குற்றம் நிரூபணமானால் 15 முதல் 20 ஆண்டுகள் சிறை. தண்டனை இந்த நீதிக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தால் விவாதத்தின் சூடு தணியும்.

இனி கூட்டம். 8 முதல் 12 பேர் போதும். மேடையும் மைக்கும் வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நடத்துபவர் இருவரில் ஒருவர் ஈழத்துப் பெண்ணாக இருக்கட்டும். ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவிடுங்கள். வாசலில் பெயர், போன் நம்பர் எழுதும் நோட்டை வைக்கவே வைக்காதீர்கள்: தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு விசாரணையும் வெளிநாடு போகும் அனுமதியும் மனதில் ஓடும்போது அந்த நோட்டே வாயை அடைத்துவிடும். ரெக்கார்டிங்கும் கூடாது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே, நவம்பர் மாதங்களைத் தவிருங்கள்.

முதல் அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம், ஒரே கேள்வி: 'உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?' இரண்டாவதில், யார், யார் முன்னால், எதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். இழப்பீடும் தண்டனையும் மூன்றாவதில்தான். மன்னிப்பு என்ற சொல்லை அவர்களே எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்காதீர்கள். 'மன்னிப்பா, தண்டனையா?' என்று கைதூக்கச் சொல்வதும், அறிமுகத்துக்கு என்று போர்க்காட்சிகளைப் போட்டுக் காட்டுவதும்தான் பெரும்பாலும் கூட்டத்தைக் கெடுப்பவை. மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

யாருக்காவது கை நடுங்கி மூச்சு வாங்கினால் சுற்றிச் சூழாதீர்கள், நடந்ததைச் சொல்லச் சொல்லாதீர்கள். தெரிந்த ஒருவர் வெளியே அழைத்துப்போய், பாதம் தரையில் படும்படி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கண்ணெதிரே இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வைக்கலாம். இரண்டு நாள் கழித்து எல்லோருக்கும் ஒரு போன் போடுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் இலவச எண் 14416-ஐக் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம்.