கல்யாண கேசட்டிலிருந்து டிஸ்க் வரை: வாசகர் கேள்விகள்

பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. டிஸ்க் ரைட் செய்வதைப் பற்றித்தான் பலரும் கேட்கிறார்கள். ஆனால் காரியம் பெரும்பாலும் கெடுவது அதற்கு முன்னாலேயே, டெக்கிலும் (கேசட்டை ஓட்டும் விசிஆர்) கேப்சரிலும்தான் (ஓடும் படத்தைக் கணினியில் பதிவது). என் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

எங்கள் கல்யாண கேசட் 1994-ல் எடுத்தது. டெக் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. இப்போது என்னென்ன வாங்க வேண்டும்? (ஈரோடு)

முதலில் டெக். புதிதாகக் கிடைக்காது; ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியதோடு அந்தக் கதை முடிந்தது. பழைய எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சொந்தக்காரர் வீட்டுப் பரணிலோ தேடுங்கள். ரெக்கார்ட் வசதி இல்லாத விசிபி கிடைத்தாலும் போதும். வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டு, ஓடவிட்டு, ரீவைண்ட் செய்து, டேப்பைக் கசக்காமல் வெளியே தள்ளுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கல்யாண கேசட்டை வைத்துச் சோதனை செய்யாதீர்கள்.

அடுத்தது யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக். மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஏவி சிக்னலை எச்டிஎம்ஐ ஆக்கித்தரும் சின்னப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது படத்தைத் தன் இஷ்டத்துக்குப் பெரிதாக்கி, பல நேரம் 4:3 படத்தை அகலமாக இழுத்துவிடும். மாப்பிள்ளை, பெண் இருவரும் குண்டாகத் தெரிவார்கள்.

மென்பொருளுக்குச் செலவில்லை, விர்ச்சுவல்டப் அல்லது ஓபிஎஸ் போதும். பால் (PAL, நம் ஊர் டிவி முறை), 720×576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள். தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யுவ் கோடெக்கில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபிக்கு மேல் போகும். அவ்வளவு இடம் இல்லையா? எச்.264-ல் 15 எம்பிபிஎஸ் வைத்தால் மணிக்கு 7 ஜிபிக்குள் முடியும், கண்ணுக்குப் பெரிய குறை தெரியாது. நேரடியாக டிவிடி அளவுக்குச் சுருக்கிப் பதிய மட்டும் வேண்டாம். இந்தப் பெரிய ஃபைல்தான் மூலம். டிஸ்க், பென்டிரைவ், மொபைல் எல்லாவற்றுக்கும் இதிலிருந்து நகல் எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் எஃப்ஏடி32 (FAT32) என்ற பழைய ஃபார்மேட் முறையில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் ஃபைல் ஏறாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவியில் ஓடவிட்டு மொபைலில் படம் பிடித்தால் போதாதா? (மதுரை)

போதாது. பழைய டியூப் டிவி என்றால் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். ஒலியில் ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் சேரும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய கேசட் கறுப்பு வெள்ளையாக வருகிறது, படமும் உருள்கிறது. டேப் போய்விட்டதா? (திருச்சி)

டேப் நன்றாகத்தான் இருக்கும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் எல்லாம் பால்: 625 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்டிஎஸ்சி: 525 வரி, ஏறத்தாழ 30 ஃபிரேம். உங்கள் டெக் என்டிஎஸ்சி ஓட்டக்கூடியதா என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் விற்ற பல டெக்குகள் அந்தக் கேசட்டை ஓட்டும். ஆனால் வெளியே அனுப்புவது சுத்தமான என்டிஎஸ்சி அல்ல, பால்-60 அல்லது என்டிஎஸ்சி 4.43 என்ற கலப்பு. கேப்சர் மென்பொருளின் வீடியோ அமைப்பில் இந்தப் பெயர்கள் இருக்கும், ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். உள்ளூர் கேசட்டே இப்படி வந்தால் காரணம் தலைகீழ்: ஸ்டிக் என்டிஎஸ்சியில் நிற்கிறது.

கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. துடைத்துவிட்டு ஓடவிடலாமா? (நாகர்கோவில்)

ஓடவிடாதீர்கள். அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவுக்குள் வைத்த கேசட்டுக்கும் வரும். ஒருமுறை ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை பிடித்து ஒட்டிய சுற்றுகள் பிரியும்போது டேப் கிழியவும் கூடும்.

முதலில் ஈரம் போக வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு ஓரிரு வாரம் வையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், டேப் நெளிந்துவிடும். காய்ந்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில், நூல் பிரியாத மெல்லிய துணிக்கு நடுவே டேப்பை மெதுவாகச் சுற்றித் துடைக்கலாம். கேசட்டின் பின்புறம் ஐந்து திருகாணிகள். கழற்றி, சுருளை வேறு சுத்தமான கூட்டுக்கு மாற்றுவதும் நடக்கும். கை நடுங்கும் என்றால் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள், இதற்குக் காசு செலவழிப்பது வீணில்லை. டெக் ஹெட்டைத் துடைப்பதானால் காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகாது, நார் மாட்டும். மான்தோல் துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு ஹெட் பொருத்திய உருளையான டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை ஒடிந்துவிடும்.

ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரம் படத்தை விட்டு விலகிப்போகிறது. (கும்பகோணம்)

போகப் போக விலகினால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, ஒலியை ஸ்டிக்கில் செருகாமல் லேப்டாப்பின் மைக் துளையில் செருகியிருப்பீர்கள். படமும் ஒலியும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன. மூன்று வயரையும் ஸ்டிக்கிலேயே செருகுங்கள். இன்னொன்று, ஃபிரேம் விடுபடுவது. விர்ச்சுவல்டப் அந்தக் கணக்கைத் திரையிலேயே காட்டும். டேப் தேய்ந்த இடத்தில் சிக்னல் தள்ளாடுவதால்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. இதைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியின் விலை அதிகம். வீட்டில் பழைய டிவிடி ரெக்கார்டர் கிடந்தால், டெக்கை அதில் செருகி, அதன் அவுட்புட்டை ஸ்டிக்குக்குக் கொடுத்துப் பாருங்கள். சில மாடல்கள் சிக்னலை ஆச்சரியமாக நிமிர்த்திவிடும்.

படத்தில் யாராவது கை அசைத்தால் சீப்பு மாதிரிக் கோடுகள். கீழே ஒரு பட்டையும் நெளிகிறது. (கோவை)

கோடுகள் கோளாறு அல்ல. கேசட்டில் நொடிக்கு 50 பாதிப் படங்கள் இருக்கின்றன, கணினி இரண்டிரண்டாகச் சேர்த்துக் காட்டுகிறது. மொபைலுக்கு என்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் (பாதிப் படங்களை முழுப் படமாக்குவது) செய்யுங்கள்; 'பாப்' முறையில் 50 ஃபிரேமாக மாற்றினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். டிவிடிக்கு அப்படியே விடுங்கள், பிளேயர் பார்த்துக்கொள்ளும். கீழ்ப்பட்டை, டெக் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம். டியூப் டிவி அதை ஓரத்தில் மறைத்துவிடும், அதனால்தான் அப்போது நாம் பார்த்ததில்லை. கறுப்பு அடித்து மறைத்துவிடலாம்.

மூன்று மணி நேர கேசட்டை ஒரே டிவிடியில் ரைட் பண்ணினேன். கணினியில் ஓடுகிறது, வீட்டு பிளேயரில் இல்லை. (யாழ்ப்பாணம்)

டேட்டா டிஸ்க்காக ரைட் செய்திருப்பீர்கள். பிளேயருக்கு எம்பெக்-2 முறையில், விஓபி ஃபைல்கள் உள்ள டிவிடி வீடியோ வேண்டும். டிவிடிஸ்டைலர் இதை இலவசமாகச் செய்துதரும். 4.7 ஜிபி டிஸ்க்கில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம்தான் அடங்கும். முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று என்று இரண்டாகப் பிரிப்பது என் விருப்பம். ஒன்றில்தான் வேண்டும் என்றால் 352×576 அளவைத் தேர்ந்தெடுங்கள்; டிவிடி விதிப்படி அது செல்லும், விஎச்எஸ்ஸில் (இந்தக் கேசட் வகையின் பெயர்) இருக்கும் விவரமே ஏறக்குறைய அவ்வளவுதான். டிவிடி-ஆர் டிஸ்க் வாங்கி, 4 எக்ஸ் அல்லது 8 எக்ஸ் வேகத்தில் ரைட் செய்து, 'வெரிஃபை' டிக் போடுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சுற்றும்போது சமநிலை தவறும்.

ஹேண்டிகேம் மினிடிவி (MiniDV) கேசட்டுக்கும் இதே ஸ்டிக்தானா? (சென்னை)

வேண்டாம். அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். கேமராவின் ஃபயர்வயர் (டிஜிட்டல் வீடியோவை அனுப்பும் இணைப்பு) துளையிலிருந்து அப்படியே நகல் எடுக்கலாம், மணிக்கு 13 ஜிபி. இப்போதைய லேப்டாப்பில் அந்தத் துளை இருக்காது. ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கடனாக வாங்கிக்கொள்ளுங்கள்.