பரேலுக்குத் துணைக்கு ஆள் சேர்ப்பது எப்படி: கேள்வி பதில்

என் தம்பிக்கு யூயிங் சர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து, மாட்டுங்காவுக்கும் மும்பை பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்கும் இரண்டு வருடம் நடையாய் நடந்தவன் நான். டாக்டர் இல்லை. மருந்தைத் தவிர மற்றதைக் கேளுங்கள்.

தாராவியிலிருந்து ஒரு தம்பி: அத்தானுக்கு எலும்பில் அபூர்வ வகைப் புற்றுநோய். விசாரித்து வரும் போனுக்குப் பதில் சொல்லியே அக்கா ஓய்ந்துவிட்டாள்.

முதல் வேலையாக அக்காவின் போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாட்ஸ்ஆப் குழு, அதில் நீங்கள் மட்டும் எழுதுவது, வாரத்துக்கு நாலு வரி. போதும். "ஏதாவது வேணும்னா சொல்லுப்பா" என்று எங்களிடம் சொல்லாத ஆள் இல்லை. சித்தப்பா சொன்னபோது மட்டும் விடவில்லை. "செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வந்து வரிசையில் உட்கார முடியுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் வந்தார். ஒரு ஆள், ஒரு கிழமை, ஒரு வேலை என்று கேட்டால்தான் நடக்கும். மாடி வீட்டு அக்காவிடம் ரசம் மட்டும் கேட்டேன். கீமோ நாட்களில் எவர்சில்வர் ஸ்பூன் வாயில் பட்டாலே இரும்பு வாடை என்று தம்பி துப்பிவிடுவான். அவர்தான் பிளாஸ்டிக் ஸ்பூன் சேர்த்து அனுப்பினார்.

சயானிலிருந்து: பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) கொடுக்க இருபது பேர் தயார். எல்லோரையும் நாளைக்கே வரச் சொல்லட்டுமா?

வேண்டவே வேண்டாம். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும். பெயர், குரூப், எந்தக் கிழமை வர முடியும் என்று ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். வேகத்தில் எல்லோரும் முழு ரத்தம் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தவர் உடனே பிளேட்லெட் கொடுக்க முடியாது. தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டவரும் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். படுத்தால் எழ ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், ஆபீசில் சொல்லிவிட்டு வரட்டும்.

திருநெல்வேலியிலிருந்து அப்பாவை அழைத்து வருபவர்: டிக்கெட், தங்குமிடம்?

மருத்துவமனை தரும் படிவத்தை ரிசர்வேஷன் கவுன்ட்டரில் கொடுத்தால், ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. தங்க, தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலா இருக்கிறது. இடம் சீக்கிரம் நிரம்பும், டாடா மெமோரியலின் சமூகப்பணிப் பிரிவிலும் விசாரியுங்கள். இதையெல்லாம்விட முக்கியம், பயாப்சியில் எடுத்த சதையின் கண்ணாடி ஸ்லைடும், அந்தச் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கும். அபூர்வ வகை என்றால் அதைத் திரும்பப் பார்க்காமல் சிகிச்சை தொடங்க மாட்டார்கள். நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் பிளாக்கைத் தேடவே பன்னிரண்டு நாள் ஆனது. கையோடு வாங்கி வாருங்கள். இன்னொன்று, எல்லா கீமோவும் இங்கேதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்கும் நேஷனல் கேன்சர் கிரிட்டில் சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் இருக்கிறது.

செம்பூர்: பணம் திரட்ட நோயாளியின் போட்டோவைப் போடலாமா?

அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பணம் மருத்துவமனைக் கணக்குக்கே நேராகப் போகட்டும்.

ஆன்டாப் ஹில்லிலிருந்து ஒரு அம்மா: ஆரம்பத்தில் வீடு நிறைய ஆள். ஐந்து மாதம் ஆச்சு, இப்போ யாரும் எட்டிப் பார்ப்பதில்லை தம்பி.

எங்களுக்கும் அதேதான் அம்மா. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அலுத்துவிட்டார்கள். முதல் மாதம் வராத பெயர்களை யோசித்துப் பாருங்கள். அவர்களை இன்னும் யாரும் கேட்கவே இல்லை. பெரிதாக வேண்டாம், "ஞாயிறு மத்தியானம் இவரோடு இரண்டு மணி நேரம் இருங்கள், நான் தூங்க வேண்டும்" என்று கேளுங்கள். தம்பிக்கு இப்போதும் செக்கப் உண்டு. சித்தப்பாதான் கூட்டிப் போகிறார்.