பழைய டீசல் பிக்கப்பில் படகு டிரெய்லர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏழு வருடம் ஓடிய டீசல் பிக்கப் ஒன்றைப் புதுச்சேரியில் வாங்கியிருக்கிறேன். ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி, தாழங்குடாவிலிருந்து வில்லியனூர் பக்கம் இருக்கும் பட்டறைக்கு இழுத்துப் போக வேண்டும். எல்லாம் சேர்ந்து 1.8 டன் வரும். ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, இழுவையைக் கூட்டினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம். இழுவை போதாமல் வழியில் நிற்கும் பிக்கப்கள் குறைவு. சூடேறி நிற்பவையும், கிளட்ச் தீய்ந்து நிற்பவையும், பிரேக் பிடித்தும் நிற்காமல் முன்னால் போகிற வண்டியில் இடிப்பவையும்தான் அதிகம். ரீமேப் செய்தால் டீசல் கூடுதலாகப் பாயும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். ஏழு வருட ரேடியேட்டரும் கிளட்சும் அதற்கு ஈடுகொடுக்காது.

முதல் வேலை எடை மேடைக்குப் போவது. ‘1.8 டன் வரும்’ என்ற கணக்கு போதாது. டிரெய்லரைக் கழற்றி முழுதாக மேடையில் நிறுத்தி ஒரு எடை எடுங்கள். பிறகு பிக்கப்பில் மாட்டி, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியின் மேல் இறங்கும் பாரம். 1,800 கிலோ டிரெய்லருக்கு இது 180 கிலோ அளவில் இருக்கட்டும். நம் படகுகளில் எஞ்சின் பின்பக்கம் இருப்பதால் பாரம் பின்னுக்குச் சாய்ந்துவிடும். கொக்கியில் எடை குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், பிக்கப்பின் பின்புறத்தையும் சேர்த்து ஆட்டும். படகை டிரெய்லரில் முன்னுக்கு நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கொக்கியில் பாரம் மிக அதிகமானால் பிக்கப்பின் மூக்கு தூக்கி ஸ்டீயரிங் லேசாகிவிடும். இந்த 180 கிலோ பிக்கப்பின் சொந்தச் சுமைக் கணக்கில்தான் சேரும். அதற்கு மேல் பின்னால் ஐஸ் பெட்டியும் வலையும் ஏற்றாதீர்கள். கையேட்டில் இழுவை எடை போட்டிருந்தால் அதுதான் எல்லை. போடவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கூலிங். உங்கள் வழி சமதளம்தான். ஆனால் கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் மட்டும்தான் துணை. எஞ்சின் நன்றாகச் சூடானபின் அணைத்துவிட்டு, ஃபேனைக் கையால் தள்ளிப் பாருங்கள். கனமாக, தயங்கித் திரும்ப வேண்டும். தள்ளியதும் தாராளமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபேனை எஞ்சினோடு பிணைக்கும் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் இடையில் மணலும் பூச்சியும் அடைத்திருக்கும். கவரைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை மிக அருகில் வைத்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) மடங்கி, இருந்த காற்றுவழியும் போய்விடும்.

தெர்மோஸ்டாட்டை (சூடானபின் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பிடுங்கி எறிந்தால் சூடு குறையும் என்ற பழக்கம் இன்னும் விடவில்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். விளைவு, சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் சூடேறாது, பாரத்தில் கொதிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்து வெந்நீரில் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அதன் மேல் அச்சடித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள்தான். ஆனால் உள்ளே அழுத்தம் நின்றால்தான் கொதிநிலை உயரும், 1.1 பார் மூடி இருந்தால் தண்ணீரே ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்திருந்தால், மேலே எழுதியிருக்கும் அதே எண்ணுள்ள மூடி வாங்குங்கள். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி. கடற்கரையோர போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. உப்பு அலுமினியத்தை அரிக்கும், உள்ளே படிவு கட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடேறினால், காலையில் ஸ்டார்ட் செய்த உடனே மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே கல் போல் இறுகினாலோ, ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வந்தாலோ எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் டிரெய்லரை மாட்டாதீர்கள்.

கேள்வி: எஞ்சினைப் பிரிக்காமலே அதன் நிலைமையைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து, ஆயில் ஊற்றும் வாயின் மேல் சும்மா வையுங்கள். மெல்லிய ஆவி வந்தால் கவலையில்லை. மூடியைத் தூக்கி அடிக்கிற மாதிரி விட்டு விட்டுப் புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) இன்னொரு சோதனையும் செய்யலாம். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டியூப்களை ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டுச் சில நிமிடம் ஓட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிகிறது. பாரம் இழுக்கையில் கரும்புகை வந்தால், டர்போ மேல் பழி போடுவதற்கு முன் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் எண்ணெய்க் கசிவும் வெடிப்பும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கேள்வி: பாரத்தோடு கிளம்பும்போது கிளட்ச் வாடை அடிக்கிறது. பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், பாகூர்

பதில்: போதாது. கியர்பாக்ஸ் இறக்கும் கூலிதான் பெரிய செலவு. அதை இரண்டு முறை கொடுக்காதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கையும் சேர்த்து மாற்றி, ஃப்ளைவீல் முகத்தை லேத்தில் காட்டுங்கள். கிராங்க் பின் ஆயில் சீல் கசிந்தால் புதுப் பிளேட்டும் எண்ணெயில் நனைந்து வழுக்கும். கியர்பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் ஒரே ஆயில் ஊற்றுவது தவறு. கையேடு ஜி.எல்.-4 (கியர் ஆயிலின் தர வகை) என்றால் அதையே ஊற்ற வேண்டும், சில ஜி.எல்.-5 ஆயில்கள் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கும். ஓட்டும்போது டாப் கியரில் எஞ்சினை முக்க விடாமல் ஒரு கியர் இறக்குங்கள்.

கேள்வி: டிரெய்லருக்குத் தனி பிரேக் அவசியமா? சக்கர பேரிங் அடிக்கடி போகிறதே?
– வாசகர், வீராம்பட்டினம்

பதில்: இந்த எடைக்குக் கட்டாயம் வேண்டும். பிக்கப் நிற்க முயலும்போது டிரெய்லர் தள்ளுகிற விசையையே பயன்படுத்திப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் இதற்குப் போதும். பிக்கப்பிலும் பின் அச்சின் மேல், பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருந்தால், அதன் லிங்க் உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருக்கும். கையால் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் பாரம் ஏறியும் பின் பிரேக்குக்குப் போதிய அழுத்தம் போகாது. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். ஈரம் இழுத்த ஆயில் சூட்டில் கொதித்து, பெடல் பஞ்சு போல் இறங்கிவிடும்.

பேரிங் போவதற்குக் காரணம் ஓடிய சூட்டோடு கடலில் இறக்குவது. சூடான ஹப் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சும். ஹப் கைக்கு ஆறும்வரை காத்திருங்கள். டிராக்டரால் படகைக் கரையேற்றி மணலிலேயே டிரெய்லரில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. நீரில் இறங்கிவிட்டால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, தண்ணீர் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: கொக்கியைச் சேஸில் வெல்டிங் வைக்கலாமா? பேப்பர் என்னென்ன வேண்டும்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வெல்டிங் சூட்டில் சேஸ் இரும்பின் பலம் போய், ஓரத்தில் விரிசல் விடும். இரண்டு பக்கச் சேஸ் கட்டையிலும் செங்குத்தாக நிற்கும் நடுப்பகுதியில் துளையிட்டு 10.9 கிரேடு போல்ட்டால் மாட்ட வேண்டும். மேல், கீழ் விளிம்புகளில் துளை கூடாது. பம்பரில் மாட்டவே கூடாது. இரண்டு சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காகக் கட்டுங்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் மூக்கு தரையில் குத்தாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான். அதற்குப் பதிவும் இன்ஷூரன்ஸும் வேண்டும். கொக்கி மாட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பி.ஒய். எண் வண்டி தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருக்கப் போகிறது என்றால், புதுச்சேரியில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கடலூர் பதிவான டி.என். 31-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.